இரட்டை சிம் காப்புரிமை வழக்கு

இரட்டை சிம் காப்புரிமை வழக்கு என்பது, ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் அமைப்புக்கு இந்தியக் காப்புரிமை பெற்ற மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமாருக்கும், அத்தகைய கைபேசிகளை விற்ற சாம்சங், ஸ்பைஸ் போன்ற நிறுவனங்களுக்கும் இடையே நடந்த சட்டப் போராட்டம் ஆகும். 2008-இல் வழங்கப்பட்ட இந்தக் காப்புரிமையை, அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் ரத்து செய்தது. தனிமனிதர் ஒருவர் இடையில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் பன்னாட்டு நிறுவனங்களின் சரக்குகளை இந்திய எல்லையிலேயே தடுத்து நிறுத்தும் நிலையை உருவாக்கினார். அது எப்படி முடிந்தது, பின்னர் ஏன் நழுவியது என்பதைப் பார்த்தால் காப்புரிமைச் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் பலவும் தெளிவாகும்.

கம்பியில்லாத் தொலைத்தொடர்புத் துறையில் சிறியவர் ஒருவர் பெரிய நிறுவனங்களை எதிர்த்த வழக்குகள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் தமிழகத்திலேயே தொடங்கியது என்பதால் நம் மாணவர்கள் அறிய வேண்டிய வழக்கு இது.

எல்லை ஊர்களில் இரண்டு எண்கள்

இரண்டு சிம் வசதி ஏன் தேவைப்பட்டது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். இப்போது நாடு முழுவதும் ஒரே கட்டணத்தில் பேசுகிறோம். 2000-களில் அப்படி இல்லை. இந்தியா பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தில் வாங்கிய எண்ணை இன்னொரு வட்டத்தில் பயன்படுத்தினால் ரோமிங் கட்டணம் உண்டு. வருகிற அழைப்பை எடுப்பதற்கும் காசு போகும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் ரோமிங்கில் வரும் அழைப்புக்கான உச்சக் கட்டணத்தை நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு என்று வைத்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது சிறிய தொகை அல்ல.

தேனி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் அன்றாடம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் மலை ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம், போடிமெட்டு வழியாகப் பூப்பாறை என்று மூன்று பாதைகளிலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போய் மாலையில் திரும்புகிறார்கள். மலை ஏறியதும் கைபேசி கேரள வட்டத்துக்கு மாறிவிடும். வீட்டிலிருந்து பிள்ளை அழைத்தால் எடுக்கவும் கட்டணம், எடுக்காமல் விட்டால் மனக்கவலை. ஏலக்காய் வியாபாரிக்கோ போடியிலும் ஏலம், மலைக்கு மேலே புற்றடியிலும் ஏலம். இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். எனவே தமிழ்நாட்டு எண் ஒன்று, கேரள எண் ஒன்று என்று வைத்துக்கொள்வது இந்தப் பகுதியில் இயல்பாயிற்று.

இரண்டு எண் வைத்துக்கொள்ள அப்போது இருந்த வழிகள் அவ்வளவு வசதியானவை அல்ல. இரண்டு கைபேசி வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு சிம்மைப் பணப்பையில் வைத்திருந்து, செக்போஸ்ட் தாண்டியதும் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். சிம் அட்டைகளை வெட்டி ஒரே தகட்டில் பொருத்தும் மலிவான கருவிகளும் கடைகளில் கிடைத்தன. அவற்றில் ஒரு நேரத்தில் ஓர் எண்தான் உயிரோடு இருக்கும். எல்லை ஊர்களில் மட்டும் இல்லை, வெளியூர் மாணவர்கள், லாரி ஓட்டுநர்கள், இரவில் ஒரு நிறுவனத்தின் மலிவுக் கட்டணத்தையும் பகலில் இன்னொன்றின் கட்டணத்தையும் தேடியவர்கள் என்று நாடு முழுவதும் இதே தேவை இருந்தது. 2008-க்குப் பின் இரட்டை சிம் கைபேசிகள் இந்தியச் சந்தையில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவே காரணம். நோக்கியா போன்ற பெரிய நிறுவனமே இந்த அலையைத் தாமதமாகத்தான் உணர்ந்து, 2011-இல் இந்தியாவில் தன் இரட்டை சிம் கைபேசிகளைக் கொண்டுவந்தது.

கைபேசிக்குள் என்ன நடக்கிறது

வழக்கைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தொழில்நுட்பம் தேவை. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் அடையாள எண் உள்ளது. கைபேசி அந்த எண்ணைக் காட்டி, அருகிலுள்ள கோபுரத்திடம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. அழைப்பு வரும்போது கோபுரம் அந்த அடையாளத்தைக் கூப்பிடும். கைபேசி எல்லா நேரமும் காது கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டு மறுபடி ஓய்வுக்குப் போகும். பேட்டரி நீடிப்பது இதனால்தான்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஒரே வானொலிப் பகுதியை வைத்துக்கொண்டே இரண்டு வலையமைப்புகளையும் மாறி மாறிக் கேட்கலாம். இரண்டு எண்களும் காத்திருப்பில் இருக்கும். ஒன்றில் பேசத் தொடங்கினால் மற்றது எட்டாமல் போகும். மலிவான கைபேசிகளில் பெரும்பாலானவை இந்த வகை. இன்னொரு வகையில் வானொலிப் பகுதியே இரண்டு இருக்கும். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றதிலும் மணி அடிக்கும். இதற்கு விலையும் மின்சாரமும் கூடுதலாகும். எந்த வகையானாலும் வலையமைப்பின் கண்ணுக்கு அது இரண்டு கைபேசிதான். உங்கள் கைபேசியில் *#06# என்று அழுத்திப் பாருங்கள், இரட்டை சிம் வசதி இருந்தால் இரண்டு பதினைந்து இலக்க எண்கள் வரும்.

காப்புரிமை ஆவணத்தில் 'ஒரே நேரத்தில் இயங்கும்' என்று ஒரு சொற்றொடர் இருந்தால், அது முதல் வகையைக் குறிக்கிறதா, இரண்டாம் வகையை மட்டும் குறிக்கிறதா என்பதிலேயே கோடிக்கணக்கான ரூபாய் அடங்கிவிடும். சொல்லின் எல்லை எது என்பதே இத்தகைய வழக்குகளில் பாதி வாதம்.

காப்புரிமை எண் 214388

ராம்குமார் 2002-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தார். இந்தியாவில் இரட்டை சிம் என்ற பேச்சே பரவலாக இல்லாத காலம் அது. அவருக்கு 214388 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-இல். வெவ்வேறு வலையமைப்புகளுக்குரிய பல சிம் அட்டைகளைக் கொண்ட கைபேசி என்பது அதன் பொருள். பல சிம் அட்டைகளோடு, காதுபேசி செருகும் துளைகளும் புளூடூத் வசதியும் ஒன்றுக்கு மேற்பட்டு அமைவதும் அதன் உரிமைக்கோரலில் இடம்பெற்றன.

இங்கே ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். காப்புரிமை ஆவணம் நீளமானது. அதில் பின்னணி இருக்கும், வரைபடங்கள் இருக்கும், விளக்கம் இருக்கும். ஆனால் சட்டத்தின் முன் உரிமையை வரையறுப்பது இறுதியில் வரும் உரிமைக்கோரல் என்ற பகுதிதான். நிலப் பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் பத்தி எப்படியோ, அப்படி. 'கைபேசியில் இரண்டு சிம் போடலாம்' என்ற எண்ணத்துக்கு யாருக்கும் காப்புரிமை கிடையாது. அதை எந்த அமைப்பால் செய்வது என்று எழுதிய வாக்கியத்துக்குத்தான் காப்புரிமை. அந்த வாக்கியத்தை மிக அகலமாக எழுதினால், உலகில் முன்பே இருந்த ஏதோ ஒன்று அதற்குள் விழுந்து, காப்புரிமை செல்லாமற்போகும். மிகக் குறுக்கி எழுதினால், எதிராளி சிறு மாற்றம் செய்து வெளியே நின்றுகொள்வார். காப்புரிமை எழுதுவோரின் திறமை முழுதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கும் வழங்கலுக்கும் இடையே ஆறு ஆண்டு போயிற்று என்பதையும் கவனியுங்கள். காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆனால் வழங்கப்பட்ட பிறகே மீறலுக்காக வழக்குத் தொடர முடியும். அதாவது இருபதில் ஆறு ஆண்டு காத்திருப்பிலேயே கரைந்தது. அதற்குள் சாம்சங் 2007-லேயே உலகச் சந்தையில் ஓர் இரட்டை சிம் கைபேசியை வெளியிட்டுவிட்டது. சீனத் தயாரிப்புகள் இந்தியாவுக்குள் வரத் தொடங்கிவிட்டன. காப்புரிமை கைக்கு வந்தபோது எதிரே நின்றது வளர்ந்துவிட்ட ஒரு சந்தை.

சுங்கத்துறையின் கதவு

தனிமனிதர் ஒருவர் பெரிய நிறுவனத்தை வழக்கமான வழியில் எதிர்கொண்டால் என்ன ஆகும்? உரிமையியல் வழக்கு, இடைக்காலத் தடை மனு, பதில் மனு, வாய்தா என்று ஆண்டுகள் ஓடும். ராம்குமாரின் வழக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆனால் அவர் தட்டிய இன்னொரு கதவுதான் இந்த வழக்கை நாடறியச் செய்தது.

2007-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு, இறக்குமதிப் பொருள்கள் மீதான அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகளை வெளியிட்டது. அதன்படி உரிமையாளர் ஒருவர் சுங்க ஆணையரிடம் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 2,000 ரூபாய், கூடவே ஒரு பிணைப் பத்திரம். அதன் பிறகு அந்த உரிமையை மீறுவதாகத் தோன்றும் சரக்கு துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ வந்தால், அதை வெளியே விடாமல் சுங்கத்துறை நிறுத்தி வைக்கலாம். உரிமையாளர் பத்து வேலை நாள்களுக்குள் நடவடிக்கையில் இணைய வேண்டும்.

உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் இத்தகைய எல்லை நடவடிக்கையைக் கட்டாயமாக்கியது போலி வணிகச் சின்னத்துக்கும் திருட்டுப் பதிப்புக்கும் மட்டும்தான். இந்தியா தன் விருப்பப்படி காப்புரிமையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இது சரியான முடிவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. போலிச் சின்னத்தைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு கைபேசி ஒரு காப்புரிமையின் உரிமைக்கோரலுக்குள் வருகிறதா என்பதைப் பொறியாளரும் வழக்கறிஞரும் மாதக்கணக்கில் வாதிட்டே முடிவு செய்ய வேண்டும். கிடங்கில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது பொருந்தவில்லை. அரசே இதை உணர்ந்திருந்தது. நீதிமன்றம் மீறலை உறுதி செய்யாத நிலையில் காப்புரிமை விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்று 2007 அக்டோபரிலேயே சுங்க வாரியம் சுற்றறிக்கை விட்டது.

ஆனாலும் ராம்குமாரின் அறிவிப்பின் பேரில் 2009-இல் இரட்டை சிம் கைபேசிச் சரக்குகள் நிறுத்தப்பட்டன. கைபேசி வியாபாரத்தில் ஒரு மாதத் தாமதம் என்பது பெரிய இழப்பு. புதிய மாடல் சில மாதங்களில் பழையதாகிவிடும், கடைக்காரர் காத்திருக்க மாட்டார். நீதிமன்றத்தில் பல ஆண்டு பிடிக்கக்கூடிய அழுத்தத்தை, ஒரு விண்ணப்பப் படிவம் சில வாரங்களில் ஏற்படுத்திவிட்டது. சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான தராசு சில காலம் சமமாக நின்றது.

இதற்குப் பெரிய நிறுவனங்களின் எதிர்வினை எதிர்பார்க்கக்கூடியதே. மீறவில்லை என்று வாதிடுவதைவிட, காப்புரிமையையே வேரோடு பிடுங்குவது அவர்களுக்கு எளிதாகத் தெரிந்தது.

வாரியத்தின் முன்

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 64-இன்படி, வழங்கப்பட்ட காப்புரிமையை ரத்து செய்யுமாறு அதனால் பாதிக்கப்படும் எவரும் கேட்கலாம். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது என்பதாலேயே அது செல்லுபடியாகும் என்று அரசு உறுதி கூறவில்லை என்பதைப் பிரிவு 13 வெளிப்படையாகவே சொல்கிறது. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். பத்திரப் பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்வதால் மட்டும் நிலம் உங்களுடையது என்று உறுதியாகிவிடாது அல்லவா? ஏறக்குறைய அது போலத்தான் இதுவும்.

ரத்து மனுக்களை அப்போது விசாரித்தது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். 2007 முதல் காப்புரிமை வழக்குகளையும் ஏற்ற அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருந்தது. ஸ்பைஸ் நிறுவனமும் சாம்சங் நிறுவனமும் 2009-இல் தனித்தனியே மனுச் செய்தன. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு இரண்டையும் சேர்த்து முடிவு செய்து, காப்புரிமையை ரத்து செய்தது.

முடிவின் மையம், புத்தாக்கப் படி இல்லை என்பது. ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். அது புதிதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், அத்துறையில் பழகிய ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றிலிருந்து எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் புத்தாக்கப் படி என்று பெயர். முதல் இரண்டையும் தாண்டியவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இதுதான். பின்லாந்தின் பெனிஃபோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டளவிலேயே இரண்டு சிம் கொண்ட கைபேசியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், 2002-இல் இந்த எண்ணம் உலகுக்கு எவ்வளவு புதிது என்ற கேள்வி தானாக எழும். காப்புரிமைச் சட்டத்தில் 'புதிது' என்பது இந்தியாவுக்கு மட்டும் புதிதாக இருத்தல் அல்ல, எங்கும் வெளியாகாமல் இருத்தல். மதுரையிலோ தேனியிலோ யாரும் கேள்விப்படாதது என்ற காரணம் செல்லாது.

புத்தாக்கப் படி பற்றிய இந்தியச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட தீர்ப்பு, பாத்திரம் கடையும் தொழிலில் பிறந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் முறையில் செய்த ஒரு மாற்றத்தை ஆராய்ந்தது. பட்டறையில் எந்தத் தேர்ந்த தொழிலாளியும் செய்யக்கூடிய மேம்பாடு காப்புரிமைக்குத் தகுதியாகாது என்று அது முடிவு செய்தது.

இதை நம் ஊர்ச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். கம்பத்தில் ஒரு பட்டறைக்காரர், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் எந்திரத்தில் ஒரு குழலுக்குப் பதில் இரண்டு குழல் பொருத்தித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை பாதி நேரத்தில் முடிகிறது, விவசாயிகள் விரும்பி வாங்குகிறார்கள். பயன் உண்டு. அந்த ஊருக்குப் புதிதும்கூட. ஆனாலும் ஒவ்வொரு குழலும் முன்பு செய்த அதே வேலையை அதே விதத்தில்தான் செய்கிறது. அறிந்த கருவிகளை வெறுமனே அடுக்கி வைப்பதும் இரட்டிப்பாக்குவதும், ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையைச் செய்யுமானால், கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் பிரிவு 3-இல் ஓர் உட்பிரிவே இருக்கிறது. இரண்டு குழல்களும் சேர்ந்து, தனித்தனியே தர முடியாத ஒரு புதிய விளைவைத் தந்தால்தான் கதை மாறும். உதாரணமாக, ஒன்றின் சாரல் மற்றதன் சாரலில் மோதித் துளியைப் பொடியாக்கி இலையின் அடிப்பக்கத்தில் படியச் செய்தால், அங்கே ஒரு புத்தாக்கம் இருக்க வாய்ப்பு உண்டு.

இரட்டை சிம்முக்கும் இதே அளவுகோல்தான். ஒரே வானொலிப் பகுதி இரண்டு வலையமைப்புகளையும் தவறவிடாமல் எப்படி மாறி மாறிக் கேட்கிறது என்ற நுணுக்கமான முறைக்கு ஒருவர் காப்புரிமை கேட்டிருந்தால் அதன் வலிமை வேறு. பல சிம், பல துளை, பல புளூடூத் என்று பாகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் உரிமைக்கோரலின் வலிமை வேறு. முதலாவது குறுகியது, ஆனால் உடைப்பது கடினம். இரண்டாவது சந்தையின் எல்லாக் கைபேசிகளையும் அள்ளக்கூடியது. அதனாலேயே எல்லா நிறுவனங்களும் சேர்ந்து அதன்மேல் பாயும்.

இரண்டு இடத்தில் ஒரே சண்டை

அந்தக் காலத்தில் சிறிய உரிமையாளருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. மீறல் வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடக்கும்போதே, எதிராளி அங்கே ரத்து கோரி எதிர் உரிமை மனுவும் போடலாம், வாரியத்தில் தனி மனுவும் போடலாம். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் வழக்கறிஞர் வைக்க வேண்டும். 2014-இல் அலாய்ஸ் வோபன் எதிர் யோகேஷ் மெஹ்ரா வழக்கில், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த வழக்குக்கு அது காலம் கடந்து வந்த தீர்ப்பு. வாரியமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, இப்போது ரத்து மனுக்கள் உயர் நீதிமன்றங்களுக்கே போகின்றன.

அமெரிக்காவில் வேறு முடிவு

இதே பத்தாண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். என்டிபி என்பது வர்ஜீனியாவைச் சேர்ந்த சிறு நிறுவனம். எந்தப் பொருளையும் தயாரிக்கவில்லை. கம்பியில்லா முறையில் மின்னஞ்சல் அனுப்புவது பற்றிய காப்புரிமைகள் மட்டும் அதன் கையில் இருந்தன. பிளாக்பெர்ரி கைபேசியைத் தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தின்மீது 2001-இல் வழக்குத் தொடர்ந்து, 2002-இல் நடுவர் குழுவின் தீர்ப்பைத் தனக்குச் சாதகமாகப் பெற்றது. பிளாக்பெர்ரி சேவையே அமெரிக்காவில் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதே நேரத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் என்டிபியின் காப்புரிமைகளை மறு ஆய்வு செய்து அவற்றின்மீது ஐயங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் 2006 மார்ச்சில் பிளாக்பெர்ரி நிறுவனம் 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. அதன்பின் என்டிபி 2007-இல் ஏடி அண்ட் டி, வெரைசன் போன்ற பெரிய சேவை நிறுவனங்களின்மீதும் வழக்குத் தொடுத்தது. 2012-இல் அவற்றோடும் உடன்பாடு ஏற்பட்டது.

இரண்டு வழக்கிலும் காப்புரிமையின் வலிமை பற்றிய கேள்வி இருந்தது. வேறுபட்டது வரிசை. அமெரிக்காவில் தடை என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது மறு ஆய்வு முடியவில்லை, எனவே பணம் கைமாறியது. இந்தியாவில் சரக்கு நின்றாலும், ரத்துக் கேள்வி நேராக வாரியத்தின் மேசைக்கு வந்து முடிவும் ஆனது. என்டிபி போன்ற நிறுவனங்களைக் காப்புரிமையை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவை என்று பலர் கண்டித்தார்கள். கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டிய பங்கு என்று வேறு சிலர் ஆதரித்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது. அங்கே பெரிய நிறுவனத்தைப் பணிய வைத்தது சேவை நின்றுவிடுமோ என்ற அச்சம்தான், காப்புரிமையின் அறிவியல் சிறப்பு அல்ல.

இந்தியாவிலும் பெரிய நிறுவனங்கள் காப்புரிமையை வைத்துச் சிறியவர்களை எதிர்ப்பது நடக்கிறது. சுவீடனின் எரிக்சன் நிறுவனம் 2013-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மைக்ரோமேக்ஸ் மீது வழக்குத் தொடர்ந்து, விற்பனையில் ஒரு பங்கை இடைக்காலமாகக் கட்டச் செய்தது. அங்கே உரிமைக்கோரல்கள் தொலைத்தொடர்புத் தரநிலைகளோடு பிணைந்தவை. அவற்றைத் தொடாமல் கைபேசியே செய்ய முடியாது. பல ஆண்டு ஆய்வும் பெரிய வழக்கறிஞர் குழுவும் கொண்ட நிறுவனம் எழுதும் உரிமைக்கோரலும், தனிமனிதர் ஒருவர் எழுதும் உரிமைக்கோரலும் ஒரே தராசில் ஏறும்போது எது கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூடப்பட்ட கதவு

இரட்டை சிம் வழக்கும் அதையொத்த சிலவும் சேர்ந்து சட்டத்தையே மாற்றின. 2012 ஜூலையில், எல்ஜி நிறுவனம் தொடர்ந்த வேறொரு வழக்கில், காப்புரிமை மீறப்பட்டதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சுங்க அதிகாரிக்கு இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 22-இல் அரசு 2007 விதிகளைத் திருத்தி, அதிலிருந்து காப்புரிமையை முற்றாக நீக்கியது. இனி காப்புரிமைக்காக இறக்குமதியைத் தடுக்க வேண்டுமானால் நீதிமன்ற ஆணை வேண்டும்.

சட்ட நோக்கில் இது முறையான திருத்தம்தான். ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். நீதிமன்ற ஆணை வாங்கப் பணமும் ஆண்டுகளும் உள்ளவருக்கு இந்தத் திருத்தத்தால் பெரிய இழப்பு இல்லை. 2,000 ரூபாய்க் கட்டணத்தில் திறந்த கதவு மூடியதில் இழப்பு சிறியவருக்குத்தான்.

ரோமிங் சிக்கலும் மெல்ல மறைந்தது. 2015-இல் ரோமிங்கில் வரும் அழைப்புக்கான உச்சக் கட்டணம் நிமிடத்துக்கு 45 காசாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 15 முதல் பிஎஸ்என்எல் அதை முற்றிலும் இலவசமாக்கியது. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் செக்போஸ்டில் சிம் மாற்றுவதில்லை. ஆனால் இரண்டு சிம் வைத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. மலைச் சரிவில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் விழாத இடத்தில் மற்றது விழும் என்பதற்காக இப்போது வைத்திருக்கிறார்கள். ரத்தாகாமல் இருந்திருந்தாலும் 214388-ஆம் காப்புரிமையின் ஆயுள் 2022 மார்ச்சில் முடிந்திருக்கும்.

மாணவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம்

போடியிலோ தேனியிலோ பொறியியல் அல்லது பாலிடெக்னிக் படிக்கும் மாணவர் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால் இன்று விண்ணப்பிப்பது 2002-ஐவிட எளிது. இணைய வழியில் தனிநபருக்கும் புத்தொழில் நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 8,000 ரூபாய். ஆய்வு கோரும் கட்டணம் தனி. முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக விவரக் குறிப்பைக் கொடுத்து நாளைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் முழுமையானதைத் தரலாம். அதற்கு முன்பே கல்லூரிக் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டிவிட்டால் 'புதிது' என்ற தகுதியை நீங்களே கெடுத்துக்கொள்ள நேரும். நம் மாணவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

எழுதுவதற்கு முன் தேடுவது அதைவிட முக்கியம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லாக் காப்புரிமைகளையும் இலவசமாகத் தேடலாம். வெளிநாட்டுக் காப்புரிமைகளுக்கும் இலவசத் தேடல் தளங்கள் உள்ளன. தொடக்கப் பயிற்சியாக 214388 என்ற எண்ணையே கொடுத்துத் தேடுங்கள். விளக்கத்தைத் தாண்டி நேராக உரிமைக்கோரலுக்குப் போய், முதல் வாக்கியத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பாகத்தையும் தனித்தாளில் எழுதி, 2002 மார்ச் 4-க்கு முன்பு அது உலகில் இருந்ததா என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். தேனாம்பேட்டையில் வாரியத்தின் முன் இரு தரப்பும் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான்.